ஆனேக்கல் வழியே: வழிபாடும் மண்ணின் வழக்கமும்

எல்லையூர்

சேலத்திலிருந்து பெங்களூர் நோக்கி வரும் இருப்புப்பாதை தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை, கெலமங்கலம் ஆகிய ஊர்களைக் கடந்து, மேட்டு நிலத்தில் ஏறி ஓசூரை அடைகிறது. அதுவரை நிலையத்துப் பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்து முதலிடத்தில் நிற்கும். எல்லை கடந்து ஆனேக்கல் ரோடு நிலையம் வந்ததும் அவ்விடத்தில் கன்னடம் அமர்ந்திருக்கும். மண்ணின் நிறம் மாறுவதில்லை. கேழ்வரகுக் கொல்லையும் மாந்தோப்பும் மாறுவதில்லை. வண்டியிலிருக்கும் மக்களும் மாறுவதில்லை. பலகையிலுள்ள எழுத்து மட்டும் மாறுகிறது. 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது ஓசூர் சென்னை மாநிலத்திலும் ஆனேக்கல் மைசூர் மாநிலத்திலும் நின்றன. ஆயினும் ஓசூர்ப் பக்கத்தில் இன்றும் கன்னடமும் தெலுங்கும் பேசுவோர் பலர் உளர். ஆனேக்கல் பக்கத்தில் தமிழ் பேசுவோர் பலர் உளர். எல்லைக் கோடு வரைபடத்தில் ஓடுகிறதேயன்றி, மக்களின் நாவில் ஓடவில்லை.

ஆனேக்கல் பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள வட்டத்தின் தலைநகர். நிலையத்தில் இறங்கியவர் ஊரை அடையச் சில கிலோமீட்டர் பேருந்தில் செல்ல வேண்டும். ஊரின் பெயரைக் கேட்டவுடன் தமிழர் ‘யானைக்கல்’ என்று பொருள் கொள்கின்றனர். கன்னடத்திலும் ஆனே என்றால் யானைதான். ஆயினும் ஆனேகல்லு என்ற சொல்லுக்கு அம்மொழியில் ஆலங்கட்டி என்ற பொருளும் உண்டு. ஒரே ஓசையைக் கேட்டு ஒருவர் மண்ணில் கிடக்கும் பாறையை நினைக்கிறார். மற்றொருவர் வானத்திலிருந்து விழும் பனிக்கட்டியை நினைக்கிறார். இவ்வூரில் வாழ வந்த தமிழருக்கு இது நல்ல முதற்பாடம். நமக்குத் தெரிந்த சொல் என்று எண்ணி நாம் சொல்வது, கேட்பவர் செவியில் வேறு பொருளாய் விழக்கூடும்.

ஊருக்கு மேற்கே பன்னேர்கட்டாக் காடு. அருகே முத்தியாலமடுவு என்னும் அருவிப் பள்ளத்தாக்கு. வடக்கிலும் கிழக்கிலும் ஜிகணி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி எனத் தொழிற்சாலைகள் வரிசையாய் எழுந்துள்ளன. அத்தொழிற்சாலைகளை நாடித் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இவ்வட்டமெங்கும் வாடகை வீடுகளில் குடியிருக்கின்றன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்த பின்னர், தாயார், மனைவி, மகள் ஆகியோருடன் இங்கு வந்து சேர்ந்தேன்.

இவ்வூரில் தருமராயர் கோவிலும் கரக விழாவும் உண்டு. கரகம் எடுப்போர் திகளர் எனப்படும் வகுப்பினர். தமிழ் நிலத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து, தோட்டப் பயிர் செய்து, இம்மண்ணில் வேர் விட்டவர்கள் அவர்கள். நம் வட மாவட்டங்களில் திரௌபதியம்மனுக்கு எடுக்கும் விழாவே இங்குக் கரகமாய் விளங்குகிறது. இன்று அதனைத் தமிழர் விழா என்று எவரும் சொல்வதில்லை. பெங்களூர்க் கரகம் அந்நகரின் பெருவிழா, ஆனேக்கல் கரகம் இவ்வூரின் பெருவிழா. பெங்களூரில் கரகம் மஸ்தான் சாகிப் தர்காவிற்கும் சென்று வருகிறது. வந்தவர்கள் தங்கள் தெய்வத்தை விட்டுவிடவில்லை. ஆனால் அத்தெய்வத்தின் திருவிழாவை ஊருக்கே உரியதாக்கிவிட்டனர்.

கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களாகிய எங்களுக்கு இவ்வெடுத்துக்காட்டு ஒரு வினாவை எழுப்புகிறது. ஒரு சமயம் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் செல்லும்போது எதைக் கொண்டு செல்ல வேண்டும், எதை விட்டுச் செல்ல வேண்டும், புதிய மண்ணில் எதை ஏற்றுக்கொள்ள வேண்டும்? வேறு சமயத்து அன்பர்களுக்கும் இவ்வினா அயலானதன்று. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பம் ஒவ்வொன்றும் இதற்குத் தன் வீட்டளவில் விடை கூறிக்கொண்டுதான் வாழ்கிறது.

காவியுடுத்த ரோமர்

கிறிஸ்து சமயத்திற்கு இவ்வினா அதன் தொடக்கத்திலேயே எழுந்தது. யூதரல்லாதோர் கிறிஸ்துவை ஏற்கும்போது விருத்தசேதனம் முதலிய யூத வழக்கங்களையும் ஏற்க வேண்டுமா என்று எருசலேமில் திருத்தூதர்கள் கூடி ஆராய்ந்தனர். வேண்டா என்று முடிவு செய்தனர். அப்போஸ்தலர் பணிகள் என்னும் நூலின் 15ஆம் அதிகாரம் இதைக் கூறும். அம்முடிவு இல்லையெனில் கிறிஸ்து சமயம் பாலஸ்தீன எல்லையைத் தாண்டியிருப்பது அரிது.

தமிழ் நிலத்தில் அவ்வினாவை மீண்டும் எழுப்பியவர் இராபர்ட் தெ நொபிலி. 1577இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்த இவ்வியேசு சபைத் துறவி 1606இல் மதுரைக்கு வந்தார். அப்போது கிறிஸ்தவராவதைப் ‘பரங்கி மார்க்கத்தில்’ சேர்வது என்றே மக்கள் கூறினர். பாதிரிமாரின் மொழிபெயர்ப்பாளர்களும் அவ்வாறே வினவினர். பரங்கியர் என்றால் போர்த்துகேசியர். அவர் உணவும் குடியும் நடையும் மதுரை மக்களுக்கு ஒவ்வாதவை. ஆகவே கிறிஸ்துவின் போதனையைச் செவிமடுக்கும் முன்னரே மக்கள் விலகிச் சென்றனர். நொபிலி காவியுடுத்தார், மரக்கறி உண்டார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார், தத்துவ போதகர் என்னும் பெயர் பூண்டார். குடுமியும் பூணூலும் சந்தனமும் குலவழக்கமே என்றும், அவற்றைக் களையாமலே ஒருவன் கிறிஸ்தவனாகலாம் என்றும் வாதிட்டார். உடன் பணியாற்றியோரே அவரைக் குற்றஞ்சாட்டினர். 1619இல் கோவாவில் கூடிய மன்றத்தில் அவர்மீது கடும் எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் 1623 ஜனவரி 31ஆம் நாள் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் அவர் முறைக்கு இசைவு அளித்தார். 1656இல் நொபிலி மயிலாப்பூரில் மறைந்தார்.

ஏறத்தாழ அதே காலத்தில் சீனத்தில் மத்தேயு ரிச்சி என்னும் மற்றோர் இத்தாலியர் அந்நாட்டு அறிஞர் உடை தரித்து, கன்பூசியர் நூல்களைக் கற்று, அரசவையில் மதிப்புப் பெற்றார். இருவர் வழியும் ஒன்றே: விருந்தினன் வீட்டாரின் வழக்கமறிந்து நடக்க வேண்டும்.

நம் ஆனேக்கல் பக்கத்திற்கு இவ்வரலாறு மைசூர் வழியாக வருகிறது. 1648ஆம் ஆண்டையொட்டி லெயோனார்தோ சின்னமி என்னும் இத்தாலிய இயேசு சபைத் துறவி சீரங்கப்பட்டணத்தில் பணி தொடங்கினார். அப்போது அங்கு ஆண்டவர் கண்டீரவ நரசராச உடையார். சின்னமியும் நொபிலியைப் போன்றே சந்நியாசி உடையில் வாழ்ந்தார். ஆனால் அவர் கற்றது கன்னடம். அம்மொழிக்கு இலக்கணம் எழுதினார். கன்னடத்திலேயே ஞானோபதேசமும் இயற்றினார். மதுரையில் தமிழ் கற்ற முறை மைசூரில் கன்னடம் கற்ற முறையாயிற்று. அவர் தொடங்கிய மைசூர்ப் பணித்தளம் சீரங்கப்பட்டணம் முதல் சத்தியமங்கலம், தருமபுரிப் பக்கங்கள் வரை நீண்டது. கன்னடமும் தமிழும் கலந்து கிடக்கும் நிலத்திலே, துறவியர் ஊருக்கேற்ப மொழி மாற்றிப் பேசினர். தமிழ்தான் திருமறையின் மொழி என்றோ, கன்னடந்தான் என்றோ அவர்கள் வாதிடவில்லை.

பின்னர் இவ்வழிக்குப் பெருந்தடை வந்தது. பாப்பரசரின் தூதராய்ப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பவர் 1704இல் இவ்வழக்கங்கள் பலவற்றைத் தடை செய்தார். 1744இல் 14ஆம் ஆசீர்வாதப்பர் அத்தடையை உறுதி செய்தார். இங்குப் பணி செய்ய வரும் குருக்கள் இத்தடைக்குக் கீழ்ப்படிவதாய்ச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அச்சத்திய முறை 1940இல்தான் நீங்கியது. ஏறக்குறைய 200 ஆண்டுகள் இவ்வழி குறுகிக் கிடந்தது.

குறுகினும் முற்றும் அடையவில்லை. 1792இல் இந்தியா வந்த பிரெஞ்சுக் குருவாகிய அபே துபுவா, 1799க்குப் பின் மைசூர்ச் சீமையிலே பல ஆண்டுகள் பணியாற்றினார். நாட்டு உடையும் நாட்டு உணவும் கொண்டு, மக்களால் ‘தொட்ட சுவாமி’ என்று அழைக்கப்பட்டார். அம்மை குத்தும் முறையைப் பரப்பினார். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூலின் கையெழுத்துப் படியைச் சென்னை அரசாங்கமே விலைக்கு வாங்கியது. 1823இல் அவர் மனத்தளர்ச்சியுடனே பிரான்சுக்குத் திரும்பினார். உடையை மாற்றிக்கொள்வது எளிது. மக்களின் உள்ளத்தில் இடம் பெறுவது அவ்வளவு எளிதன்று என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

பெயர்களும் சொற்களும்

உடையைவிட நிலைத்து நின்றது சொல்லே. நொபிலி காலத்திற்கு முன் போர்த்துகேசியச் சொற்களே கிறிஸ்தவர் வழக்கில் மிகுந்திருந்தன. அவற்றின் இடத்தில் கோவில், பூசை, அருள், குரு, வேதம் போன்ற நாட்டுச் சொற்கள் வந்து அமர்ந்தன. இன்று அவற்றை நாம் நம் சொற்களாகவே கூறுகிறோம். ஒரு காலத்தில் அவற்றின் பொருட்டுச் சண்டை நடந்தது என்பதையும் மறந்துவிட்டோம்.

பெயர்களைப் பாருங்கள். இலத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். தமிழர் அவரைச் சின்னப்பர் என்றனர். யோவான் என்பதற்கு இறைவன் அருளுடையவன் என்று பொருள், அருளப்பர் என்றனர். யோசேப்பு என்றால் பெருகுதல். வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் அவரை வளன் என்றார். ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். 1693இல் ஓரியூரில் உயிர் ஈந்த அவருக்கு 1947இல் புனிதர் பட்டம் கிடைத்தது. 1745இல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டர், லாசரு என்னும் பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் எனப்பட்டார். இவை ஓசையைக் கடன் வாங்கிய பெயர்கள் அல்ல. பொருளை உணர்ந்து சூட்டிய பெயர்கள்.

வீரமாமுனிவர் கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவையும் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவையும் தமிழ் மக்களின் தாயாகவே நிறுவினார். சேலையுடுத்திய மாதாவின்முன் மண்டியிடும் உழவன், தன் வீட்டுத் தாயின் முன் நிற்பதாகவே உணர்கிறான். சீர்திருத்த சபையாரும் இவ்வழியில் பின்தங்கவில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி என்னும் நாட்டு இலக்கிய வகையைக் கொண்டு பெத்லகேம் குறவஞ்சி பாடினார். கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகத்தைக் காப்பிய நடையில் இயற்றினார்.

கன்னட நாட்டிலும் இத்தகையோர் உண்டு. பாசல் மிஷனைச் சேர்ந்த செருமானியரான கிட்டல் 1894இல் வெளியிட்ட கன்னட-ஆங்கில அகராதியை இன்றும் கன்னட அறிஞர் போற்றுகின்றனர். அவர் கிறிஸ்துவின் வரலாற்றைக் ‘கதாமாலே’ என்னும் பெயரில் கன்னட யாப்பிலே பாடினார். பெங்களூரில் அவருக்குச் சிலை உண்டு. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த நம் ஜி. யு. போப், பெங்களூரிலுள்ள பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராய்ப் பல ஆண்டுகள் இருந்தவர். தமிழுக்குத் தொண்டு செய்த கிறிஸ்தவரையும் கன்னடத்துக்குத் தொண்டு செய்த கிறிஸ்தவரையும் ஒரே நகரில் நினைவு கூரலாம். நம் பிள்ளைகள் போப்பை அறிவார்கள். கிட்டலை அறிந்தவர் எத்தனை பேர்?

எங்கள் இருப்புப்பாதையிலேயே இதற்கொரு சின்னம் உண்டு. ஆனேக்கல் ரோடு தாண்டி, ஈலலிகே கடந்தால் வரும் நிலையம் கார்மேலாரம். அங்குள்ள கார்மேல் சபைத் துறவியரின் இல்லத்தால் ஏற்பட்ட பெயர் அது. கார்மேல் பாலஸ்தீனத்து மலை. ஆராமம் என்றால் இந்நாட்டு மொழிகளில் சோலை. இரண்டும் இணைந்து ஒரு புகைவண்டி நிலையத்தின் பெயராயின. நாள்தோறும் பயணச்சீட்டு வாங்குவோர் எவரும் அதை அயற்பெயரென்று கருதுவதில்லை.

உடையோடு வந்த குறை

இவ்வளவும் கூறிய பின் ஒரு கசப்பான செய்தியையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. நொபிலி மதுரையில் யாருடைய வழக்கத்தை ஏற்றார்? உயர்ந்தோர் எனப்பட்டோரின் வழக்கத்தை. அவர்களுடன் பழக வேண்டி, தாழ்த்தப்பட்டோருடன் வெளிப்படையாய்ப் பழகாது ஒதுங்கினார். 1640ஆம் ஆண்டையொட்டிப் பண்டாரசாமிகள் என்னும் தனிவகைக் குருக்கள் ஏற்பட்டு, மற்ற வகுப்பினரிடையே பணி செய்தனர். ஒரே சமயத்தில் இருவகைக் குருக்கள், இருவகை நடை. மண்ணின் வழக்கத்தை ஏற்கப்போய், மண்ணின் நோயையும் ஏற்றாயிற்று.

அந்நோயின் தழும்புகள் இன்றும் உள்ளன. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கோவில், இரு சாதியார் ஒருவரையொருவர் காணாது பலிபீடத்தை மட்டும் காணும்படி இரு கிளைகளாய் அமைந்தது. அதன் இடைச்சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. கல்லறைகளில்கூடச் சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு.

தேவசகாயம் 2022 மே 15ஆம் நாள் புனிதராய் அறிவிக்கப்பட்டார். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இவர், எல்லாச் சாதியாரோடும் கலந்து உண்டு பழகினார் என்று போற்றப்படுபவர். அவர் பெயருடன் சேர்த்து வழங்கிய பிள்ளை என்னும் சாதிப் பட்டத்தை, வேண்டுகோளின் பேரில் உரோமை நீக்கிவிட்டது. மண்ணின் வழக்கங்களுள் ஏற்கத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுவதில்லை. சேலையும் விளக்கும் ஏற்கத்தக்கன, சாதி தள்ளத்தக்கது.

ஆனால் சாதி நம்மோடு புகைவண்டியேறி எல்லை கடந்தும் வருகிறது. நாங்கள் வாடகைக்கு வீடு தேடியபோது, தமிழ்க் கிறிஸ்தவரான ஒரு வீட்டுக்காரர், எங்கள் பெயரையும் ஊரையும் கேட்டபின், “நீங்கள் எந்தப் பக்கத்து ஆட்கள்?” என்று மூன்று வகையாய்ச் சுற்றிச் சுற்றிக் கேட்டார். சுவரில் இயேசுவின் திருவிருதயப் படம் விளக்குடன் இருந்தது. வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம் என்று கூறி எழுந்து வந்தோம். இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் கன்னட லிங்காயத்தர். அவர் கேட்டது, வாடகையை எந்தத் தேதியில் தருவீர்கள் என்பது ஒன்றே.

பெங்களூரில் எழுந்த முயற்சி

இரண்டாம் வத்திக்கான் பேரவை 1962 முதல் 1965 வரை நடைபெற்றது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான திருவழிபாட்டு ஏடு, இலத்தீனுக்குப் பதிலாகத் தாய்மொழிகளில் பூசை நடத்த வழி திறந்தது. அதன் பின் பெங்களூரில் 1967இல் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் நிறுவப்பட்டது. அதை நிறுவி நடத்தியவர் ஒரு தமிழர்: தென்னார்க்காட்டில் பிறந்த அமலோர்பவதாஸ் அடிகளார். 1969 ஏப்ரல் 25ஆம் நாள் உரோமை இசைவு அளித்த 12 கூறுகளில், காலணி கழற்றித் தரையில் அமர்ந்து வழிபடுதல், கைகூப்பி வணங்குதல், குத்துவிளக்கு ஏற்றுதல், ஆரத்தி எடுத்தல், குருவானவர் அங்கவஸ்திரம் அணிதல் முதலியன இருந்தன. பின்னர் மைசூரில் அஞ்சலி ஆசிரமத்தை நிறுவிய அடிகளார் 1990இல் சாலை விபத்தில் மறைந்தார்.

அவருக்கு முன்னரும் இம்முயற்சிகள் நம் பக்கத்தில் நடந்தன. சோலார்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் பாதையிலுள்ள திருப்பத்தூரில் 1921இல் ஏசுதாசன், பேட்டன் என்னும் இரு மருத்துவர் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். ஒருவர் தமிழர், மற்றவர் ஐரோப்பியர். அங்குள்ள வழிபாட்டுக் கூடம் திராவிடக் கோவில் அமைப்பில் எழுந்தது. குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் 1950இல் மோன்சனேன், லெ சோ என்னும் பிரெஞ்சுக் குருக்கள் சாந்திவனத்தை நிறுவினர். 1968இல் அதன் பொறுப்பேற்ற பீட் கிரிபித்ஸ், இந்தியா வந்த புதிதில் பெங்களூரை அடுத்த கெங்கேரியில் தங்கியிருந்தவரே.

இம்முயற்சிகளைப் போற்றியோர் உளர், எதிர்த்தோரும் உளர். “கோவிலை இந்துமயமாக்குகிறீர்கள்” என்று ஒரு சாரார் கூறினர். மற்றொரு சாரார் கூறியது இன்னும் ஆழமானது: “நீங்கள் கொணரும் அங்கவஸ்திரமும் வடமொழி மந்திரமும் யாருடைய பண்பாடு? எங்களைக் கோவிலுக்கு வெளியே நிறுத்தியவர்களின் பண்பாடு அன்றோ?” 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் நிகழ்த்திய சொற்பொழிவிலிருந்து தலித் இறையியல் என்னும் சிந்தனை வளர்ந்தது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியற் கல்லூரியைச் சேர்ந்த தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்னும் பெயருடன், பறையும் நாட்டுப்புற மெட்டும் கொண்டு வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். சாவு வீட்டிற்கு மட்டும் உரியதென ஒதுக்கப்பட்ட பறை, இறைவனைப் புகழும் இசைக்கருவியாயிற்று. ஒரு சமயத்தை மண்ணுக்கேற்ப அமைக்கும்போது, அம்மண்ணில் யார் மிதிபட்டுக் கிடக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று அவர்கள் நமக்கு உணர்த்தினர்.

தமிழா, கன்னடமா?

வத்திக்கான் பேரவை தாய்மொழியில் வழிபடலாம் என்றது. தஞ்சையிலோ திருச்சியிலோ இதனால் குழப்பமில்லை. பெங்களூரில் யாருடைய தாய்மொழி என்ற வினா எழுந்தது. 1809இல் ஏற்பட்ட தண்டுப் பகுதிக்கு வேலை தேடி வந்தவர்களுள் தமிழர் மிகுதி. சிவாஜி நகரிலுள்ள மரியன்னை ஆலயத்தின் பழைய வரலாறு, செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து நெல் பயிரிட்ட தமிழ்க் கிறிஸ்தவரிடத்தில் தொடங்குகிறது. ஆகவே பல கோவில்களில் தமிழே ஓங்கியிருந்தது. இது தங்கள் நாட்டில் தங்கள் மொழிக்கு இடமில்லாத நிலை என்று கன்னடக் கத்தோலிக்கர் வருந்தினர். பல ஆண்டுகள் கிளர்ச்சி செய்தனர். அவர்தம் வருத்தத்தில் நியாயம் உண்டு என்பதைத் தமிழராகிய நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சென்னையில் ஒரு கோவிலில் தமிழுக்கு இரண்டாம் இடம் கிடைத்தால் நாம் பொறுத்திருப்போமா?

எங்கள் வட்டத்துக் கோவிலிலும் இவ்வினா இப்போது எழுந்துள்ளது. ஞாயிறு பூசை கன்னடத்தில் நடைபெறுகிறது; மாதத்தில் ஒரு நாள் தமிழில் நடைபெறுகிறது. வாரந்தோறும் தமிழ்ப் பூசை வேண்டுமென்று மனு எழுத வேண்டும் என்கின்றன சில குடும்பங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற முறையில் அம்மனுவை எழுதித் தருமாறு என்னிடம் கேட்டனர். என் வீட்டிலேயே இரு கருத்து. என் தாயாருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. கன்னடத்தில் பிரசங்கம் நடக்கும்போது செபமாலையை உருட்டிக்கொண்டு தனியே அமர்ந்திருப்பார். “சாகும்போது எனக்கு எந்தப் பாசையில் மந்திரம் சொல்லுவாங்க?” என்று ஒருநாள் கேட்டார். என் மகளுக்கு வயது ஒன்பது. அவள் கன்னடப் பாடகர் குழுவில் பாடுகிறாள். தமிழ்ப் பூசையன்று வாசகத்தைப் படிக்கத் திணறுகிறாள். ஒரே வீட்டில் ஒரே செபத்தை ஒருவர் தமிழிலும் மற்றவர் கன்னடத்திலும் சொல்கின்றனர்.

பல நாள் எண்ணிப் பார்த்து, சில கருத்துக்களை அக்குடும்பங்களுக்குக் கூறினேன். அவற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கும் கூறுகிறேன்.

முதலாவது, முதியோருக்கும் நோயாளிக்கும் பாவசங்கீர்த்தனமும் அவஸ்தைப்பூசுதலும் அவர்தம் தாய்மொழியில் கிடைக்க வேண்டும். இது சலுகையன்று, மனிதனின் இறுதி வேளைக்குச் செய்யும் மரியாதை. இதை மட்டும் கேட்டு எழுதும் மனுவில் நான் கையெழுத்திட்டுள்ளேன். பங்குக் குருவானவர் கன்னடிகர். மனுவைப் படித்துவிட்டு, அதற்கென ஒரு தமிழ்க் குருவை அழைத்து வர ஏற்பாடு செய்வதாய்க் கூறினார்.

இரண்டாவது, ஊர்ப் பொது வழிபாட்டில் ஊர் மொழிக்கு முதலிடம் தருவோம். ரோமாபுரியிலிருந்து வந்தவர் நமக்காகத் தமிழ் கற்றார் என்று நாம் பெருமை பேசுகிறோம். தருமபுரியிலிருந்து வந்த நாம், 100 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள அண்டை மொழியைக் கற்கத் தயங்கினால் அப்பெருமை பேச நமக்கு வாய் ஏது? கன்னட எழுத்துக்களைக் கற்க ஒரு மாதம் போதும். நம் சங்கம் பெரியவர்களுக்குக் கன்னட வகுப்பு நடத்தலாம்.

மூன்றாவது, தமிழைக் காப்பது நம் வீட்டின் கடமை. கோவிலும் பள்ளியும் காக்கும் என்று விட்டுவிட்டால் காலப்போக்கில் தமிழ் நம் வீட்டை விட்டுச் சென்றுவிடும். மாலை செபத்தைத் தமிழில் சொல்வோம். பிள்ளைகளுக்கு வாரம் ஒரு கடிதமேனும் தமிழில் எழுதக் கற்பிப்போம். ஊரிலிருக்கும் பாட்டனாருக்கு அக்கடிதம் செல்லட்டும்.

நான்காவது, விழாக்களை ஒருவருக்கொருவர் திறந்து வைப்போம். செப்டம்பர் 8ஆம் நாள் மாதாவின் பிறந்தநாள். அன்று வேளாங்கண்ணியில் காவியுடுத்த யாத்திரிகர் கூடுகின்றனர். சிவாஜி நகரில் சேலையுடுத்த மாதாவின் தேர் வருகிறது. மங்களூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கரோ அதே நாளை ‘மொந்தி பெஸ்து’ என்று கொண்டாடி, சிறுவர் மலர் தூவ, புது நெற்கதிரை மந்திரித்து வீட்டுக்கு எடுத்துச் சென்று உண்கின்றனர். நம் பொங்கலுக்கும் அவ்விழாவுக்கும் எவ்வளவு ஒற்றுமை! ஜனவரியில் கோவில் முற்றத்தில் நாம் பொங்கலிடும்போது கன்னடக் குடும்பங்களை அழைப்போம். அவர்களுக்கும் அது சங்கராந்தி.

ஐந்தாவது, சாதியை எல்லைக்கு அப்பாலேயே இறக்கிவிடுவோம். சங்கக் கூட்டத்திலும் திருமணப் பேச்சிலும் வாடகை வீட்டிலும் ‘எந்தப் பக்கம்’ என்ற வினா நம் வாயில் வாராதிருக்கட்டும்.

இவ்வாறு கூறியபோது ஓர் அன்பர் குறுக்கிட்டார்: “நாம் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால், 1991இல் காவிரிக் கலவரத்தின்போது தமிழர் பட்டது மீண்டும் நேராதென்று யார் உறுதி கூறுவார்?” அவர் அச்சம் பொய்யன்று; அவ்வாண்டு டிசம்பரில் இந்நகரிலிருந்து ஓடியவர்களில் அவர் தந்தையாரும் ஒருவர். ஆயினும் அதே 1991இல் திறக்கப்பட வேண்டியிருந்த அல்சூர்த் திருவள்ளுவர் சிலையின் கதையை அவருக்கு நினைவூட்டினேன். எதிர்ப்பால் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த அச்சிலை, 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு ஈடாக நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஒருவர் கவிஞரை மற்றவர் தம் ஊரில் நிறுத்த இசைந்த பின்னரே மூடிய துணி விலகியது. அன்பர் முழுதும் உடன்படவில்லை. ஆனால் கன்னட வகுப்பு தொடங்கினால் தாமும் வருவதாய்க் கூறிச் சென்றார்.

கரகம் எடுத்து வந்த திகளர், கன்னடம் கற்ற சின்னமி, தமிழ் கற்ற நொபிலி, அகராதி தொகுத்த கிட்டல் ஆகிய அனைவரும் நமக்குக் கூறுவது ஒன்றே: வந்த இடத்து மக்களின் மொழியை நேசிப்பவன் தன் பொருளை இழப்பதில்லை. தாழ்ந்தவர் என ஒதுக்கப்பட்டோரை மறந்தால் மட்டும், எவ்வளவு மொழி கற்றும் பயனில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலையில் கன்னட எழுத்து வகுப்பு தொடங்கலாம் என எண்ணியுள்ளோம். விரும்பும் குடும்பங்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பலகையும் சுண்ணக்கட்டியும் நான் கொண்டு வருவேன். கற்பிக்க எங்கள் வீட்டுக்கார அம்மையார் இசைந்திருக்கிறார்.